நூறு புரவலர்களின் இதழ்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வெளிவந்த பெருவாரி மாத இதழ்களில் கவிதைக்கென்று உரிமையான இடம் ஏதும் இருக்கவில்லை. ஒரு கதையோ கட்டுரையோ பக்கத்தின் முக்கால் பகுதியில் முடிந்துவிடுமாயின், எஞ்சிய வெற்றிடத்துக்குப் பொருந்தும் நீளத்தில் ஒரு பாடலைத் தேடி எடுத்து அதன் கீழே வைப்பது ஆசிரியர் குழுக்களின் வழக்கமாக இருந்தமையால், எத்தகைய கவிதை அச்சேறும் என்பதைக் கவிஞரின் திறனைக் காட்டிலும் பக்கக் கணக்கே பல வேளைகளில் தீர்மானித்தது. இந்த நிலையை மாற்றவென்றே 1912ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்தில் சிகாகோ நகரிலிருந்து 'பொயட்ரி' என்னும் மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. கவிதையையும் கவிதை பற்றிய உரைநடையையும் தவிர வேறெதையும் அச்சிடுவதில்லை என்ற உறுதியோடு அதனைத் தொடங்கிய ஹாரியட் மன்ரோவுக்கு அப்போது வயது 51.

நவீனக் கவிதையின் வரலாற்றை எழுதுவோர் மன்ரோவைப் பெரும்பாலும் கவிஞர் எஸ்ரா பவுண்டின் கடிதங்கள் வழியாகவே காண்கின்றனர். அக்கடிதங்களில் அவர் தயங்குபவராகவும் பழமையை விடாதவராகவும் நன்மக்களின் மனம் புண்பட அஞ்சுபவராகவும் தோன்றுகிறார். அந்தச் சித்திரம் முற்றிலும் பொய்யன்று. ஆயினும் அவருடைய சாதனையைச் சுவையுணர்வில் மட்டும் தேடுவது தவறான இடத்தில் தேடுவதாகும் என்றே தோன்றுகிறது. கவிஞர்களைப் புரக்கும் பொறுப்பை ஒரு செல்வரின் கையிலிருந்து எடுத்து நூறு பேரிடம் பகிர்ந்தளித்ததும், அவ்வாறு கொடுத்தோர் எவரும் கவிதைத் தேர்வில் தலையிட முடியாதபடி அமைத்ததும், அச்சேறிய ஒவ்வொரு கவிதைக்கும் கூலி கொடுத்ததுமே அவருடைய தனித்த கண்டுபிடிப்பு. அந்த ஏற்பாட்டுக்கு அவர் வந்து சேர்ந்த வழியோ மிக நீண்டது.

மன்ரோ 1860 டிசம்பர் 23 அன்று சிகாகோவில் பிறந்தார். தந்தை ஹென்றி ஸ்டான்டன் மன்ரோ வழக்கறிஞர். வீட்டில் அவர் சேர்த்து வைத்திருந்த நூலகமே மகளின் முதற் பள்ளி. நகரை 1871இல் பெருந்தீ அழித்தபோது மன்ரோ பத்து வயதுச் சிறுமி. அழிந்த இடத்தில் இருபது ஆண்டுகளுக்குள் இரும்புச் சட்டங்கொண்ட உயர்மாடிக் கட்டடங்கள் எழுந்து புதிய நகரொன்று உருவானதைக் கண்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். தலைநகர் வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியிலிருந்த கன்னியர்மடப் பள்ளியில் 1879இல் படிப்பை முடித்தபின், கவிஞராக வேண்டும் என்ற ஒரே விருப்பத்தோடு சிகாகோ திரும்பினார். அவருடைய தமக்கை டோராவை மணந்த ஜான் வெல்பார்ன் ரூட், அந்நகரின் உயர்மாடிக் கட்டடக் கலையை உருவாக்கியவர்களுள் முன்னணியில் நின்றவர். அவர் 1891இல் இளமையிலேயே இறந்தார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மன்ரோ அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். ஒரு கட்டடக் கலைஞரின் குடும்பத்தோடு இருந்த இந்த நெருக்கம் பின்னாளில் எதிர்பாராத வகையில் பயன்பட்டது.

கொலம்பஸ் அமெரிக்கக் கரையை அடைந்ததன் நானூறாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடும் பொருட்டுச் சிகாகோவில் உலகக் கண்காட்சி ஒன்று ஏற்பாடானபோது, அதற்கான விழாக் குழுவினர் சிற்பத்துக்கும் ஓவியத்துக்கும் இசைக்கும் பெருந்தொகை ஒதுக்கியிருந்தும் கவிதையை நினைக்கவே இல்லை என்பதைக் கண்ட மன்ரோ, தாமே முன்வந்து தொடக்க விழாவுக்கான பாடலை எழுதும் வாய்ப்பைக் கேட்டுப் பெற்றார். அதற்குரிய ஊதியமாக 1,000 டாலரையும் வற்புறுத்தி வாங்கினார். 'கொலம்பிய வாழ்த்துப் பா' என்று தமிழில் சொல்லத்தக்க அந்நெடும்பாடல் 1892 அக்டோபர் 21 அன்று பெருங்கூட்டத்தின் முன் அரங்கேறியது. சில பகுதிகள் படிக்கப்பட்டன, சில பகுதிகளை ஜார்ஜ் சாட்விக் இசையமைக்க ஆயிரக்கணக்கானோர் கொண்ட பாடற்குழு பாடியது. ஆனால் விழாவுக்குச் சில வாரங்கள் முன்னரே நியூயார்க்கின் 'வேர்ல்ட்' நாளேடு எழுத்துப்படியைக் கைப்பற்றி, அவருடைய அனுமதியின்றி அச்சிட்டுவிட்டிருந்தது. மன்ரோ வழக்குத் தொடுத்தார். வெளியிடப்படாத படைப்பின்மீது அதன் ஆசிரியருக்கு உள்ள உரிமை, அதாவது எப்போது எங்கே வெளியிடுவது என்று தீர்மானிக்கும் உரிமை, பதிப்புரிமைச் சட்டத்தில் இன்னும் தெளிவுபெற வேண்டியிருந்த காலம் அது. நீதிமன்றம் 5,000 டாலர் இழப்பீடு வழங்கியது. நாளேட்டின் மேல்முறையீடும் 1896இல் தள்ளுபடியாயிற்று.

இந்த வெற்றிக்கு ஒரு மறுபக்கம் இருந்தது. விழாவின்போது விற்பதற்கென அழகாக அச்சிடப்பட்ட பாடற் பிரதிகளில் மிகச் சிலவே விலைபோயின. எஞ்சிய கட்டுகளை அவ்வாண்டின் குளிர்காலத்தில் தம் அறை அடுப்பில் எரிபொருளாக்கியதாக மன்ரோ பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். கவிதைக்கு விலை உண்டு என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டது, அதனை வாங்குவோர் இல்லை என்பதை அடுப்பு காட்டியது. இதழ் தொடங்கும் எண்ணத்துக்கு இவ்விரு படிப்பினைகளும் சேர்ந்தே அடிப்படையாயின என்று கொள்வது மிகையாகாது.

அடுத்த இருபது ஆண்டுகள் அவருக்கு இலக்கியத்தில் புகழையும் தரவில்லை, வருமானத்தையும் தரவில்லை. சொற்பொழிவு ஆற்றியும் செய்தித்தாள்களுக்கு எழுதியும் காலம் தள்ளினார்; 1909 முதல் 'சிகாகோ டிரிப்யூன்' நாளேட்டின் கலை விமர்சகராகப் பணியாற்றினார். இப்பணியில்தான் அவர் ஓர் ஒப்பீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஓவியருக்கும் சிற்பிக்கும் ஆண்டுக் கண்காட்சிகளும் அவற்றில் வழங்கப்படும் பரிசுத் தொகைகளும் உதவிச் சம்பளங்களும் நகரின் செல்வர்கள் கட்டிக் காக்கும் கலைக்கூடமும் இருந்தன. இசைக்கோ அதே செல்வர்களின் நன்கொடையில் இயங்கும் பெரும் இசைக்குழுவே இருந்தது. கவிஞருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. செல்வர்கள் கவிதையை வெறுத்தனர் என்பது இதற்குக் காரணமன்று. கொடுப்பதற்கான நிறுவனம் ஒன்றை எவரும் அவர்கள்முன் வைக்கவில்லை என்பதே காரணம் என்று மன்ரோ முடிவு செய்தார். அவர் 1910இல் மேற்கொண்ட உலகப் பயணத்தின்போது, சீனத்தில் அமெரிக்கத் தூதராக இருந்த மைத்துனர் வில்லியம் கால்ஹவுனின் இல்லத்துக்குச் செல்லும் வழியில் லண்டனில் தங்கினார். அங்கே எல்கின் மேத்யூஸ் என்னும் பதிப்பாளரின் கடையில் எஸ்ரா பவுண்ட் என்ற இளம் அமெரிக்கரின் கவிதை நூல்கள் கிடைத்தன. சைபீரியாவைக் கடந்து செல்லும் நீண்ட ரயில் பயணத்தில் அவற்றைப் படித்தார்.

திட்டத்துக்குக் கணக்கு வடிவம் கொடுத்தவர் நாவலாசிரியரும் செல்வருமான ஹோபார்ட் சாட்ஃபீல்ட்-டெய்லர். சிகாகோவின் வணிகர்களிலும் தொழில்முனைவோரிலும் நூறு பேரைப் பிடித்து, ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 டாலர் வீதம் ஐந்து ஆண்டுகள் தருவதாக எழுத்தில் உறுதி பெறுமாறு 1911இல் அவர் சொன்ன யோசனையை மன்ரோ ஏற்றுக்கொண்டார். இவ்வாறு உறுதி கொடுத்தோரை இதழ் 'உறுதியாளர்' என்ற பொருள்தரும் சொல்லால் அழைத்தது. அவர்கள் பங்குதாரர் அல்லர், ஏனெனில் ஆதாயத்தில் பங்கு இல்லை. ஆசிரியர் குழுவினரும் அல்லர், ஏனெனில் தேர்வில் குரல் இல்லை. வங்கிகளின் மாடிப்படிகளையும் தொழிற்சாலை அலுவலகங்களையும் வழக்கறிஞர் அறைகளையும் ஒன்றுவிடாமல் ஏறி இறங்கி, ஐம்பதைத் தாண்டிய அப்பெண்மணி நூறுக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினார். ஆண்டுக்கு 5,000 டாலருக்குச் சற்று மேற்பட்ட தொகை உறுதியாயிற்று.

அப்பட்டியலைப் படிப்பது சிகாகோவின் பணவரலாற்றைப் படிப்பதற்கு ஒப்பாகும். மின்சார வழங்கலில் பேரரசு அமைத்துக்கொண்டிருந்த சாமுவேல் இன்சல், அறுவடை இயந்திரங்களால் செல்வம் குவித்த மக்கார்மிக் குடும்பத்தினர், கலைக்கூடத்தின் தலைவராக விளங்கிய வங்கியாளர் சார்லஸ் ஹட்சின்சன், பின்னாளில் நாட்டின் துணைக் குடியரசுத் தலைவராகவும் அமைதிக்கான நோபல் பரிசாளராகவும் ஆகவிருந்த சார்லஸ் டாஸ் முதலியோர் அதில் உள்ளனர். ரூட்டின் தொழிற்கூட்டாளியும் நகரத் திட்டமிடலில் பெரும்பெயர் பெற்றவருமான டேனியல் பர்னமும் உறுதியளித்திருந்தார். முதல் இதழைக் காண அவர் உயிரோடு இல்லை. இவர்களுள் எத்தனை பேர் இதழைப் பிரித்துப் படித்திருப்பர் என்பது ஐயமே. அது தேவையும் இல்லை என்பதில்தான் இந்த ஏற்பாட்டின் நுட்பம் அடங்கியிருந்தது. ஐம்பது டாலர் என்பது அத்தகையோருக்கு ஒரு விருந்தின் செலவு. அதைக் கொடுத்தவருக்குத் தம்மைப் பாட வேண்டும் என்றோ, தமக்குப் பிடித்தவரை அச்சிட வேண்டும் என்றோ கேட்கும் துணிவு வராது. அவ்வாறு கேட்டு ஒருவர் விலகினாலும் நூற்றில் ஒரு பங்குதான் குறையும்.

நிதி உறுதியானதும் 1912 ஆகஸ்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்த கவிஞர்களுக்கு மன்ரோ ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். வழக்கமான இதழ்கள் வாசகரின் பொறுமைக்கு அஞ்சித் தள்ளிவிடும் நீண்ட கவிதைகளையும் புதிய முயற்சிகளையும் இங்கே அனுப்பலாம். அச்சேறியவற்றுக்கு ஊதியம் உண்டு என்பது அதன் சாரம். லண்டனில் இருந்த பவுண்ட் உடனே மறுமொழி எழுதி, இதழின் அயல்நாட்டு நிருபர் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். அக்டோபர் மாதம் தாங்கிய முதல் இதழ் 15 சென்ட் விலையில், ரால்ஃப் ஃபிளெட்சர் சேமர் என்னும் அச்சுக் கலைஞரின் வடிவமைப்பில், செப்டம்பர் இறுதியிலேயே வெளிவந்தது. அதில் ஓவியர் விஸ்லரைப் போற்றி பவுண்ட் எழுதிய கவிதை, தன் நாட்டு மக்களைப் பற்றிக் கூறிய கடுஞ்சொல்லால் பலரைச் சினமூட்டியது. அடுத்த மாதமே 'திறந்த கதவு' என்ற கொள்கையை மன்ரோ தலையங்கத்தில் அறிவித்தார்: எந்த ஒரு குழுவுக்கோ பாணிக்கோ இதழ் கட்டுப்படாது, எங்கிருந்து யார் எழுதினாலும் சிறந்தது என்று படுவதை அச்சிடும் என்பதே அதன் பொருள். இந்தக் கதவு சற்று அதிகமாகவே திறந்திருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொடக்க ஆண்டுகளின் இதழ்களை முழுமையாகப் படிப்பவர், இன்று எவரும் நினைவில் வைத்திராத வசந்தகாலப் பாடல்கள் பலவற்றைக் கடந்துதான் ஓர் அரிய கவிதையை அடைகிறார். ஜாய்ஸ் கில்மரின் 'மரங்கள்' 1913 ஆகஸ்ட் இதழில்தான் வெளிவந்தது. மக்களிடம் அது பெற்ற பெரும் வரவேற்பையும் விமர்சகரிடம் பெற்ற ஏளனத்தையும் இதழ் ஒருசேரத் தாங்கியது.

இந்திய வாசகருக்கு மூன்றாம் இதழே நெருக்கமானது. வங்கத்துக்கு வெளியே மிகச் சிலரே அறிந்திருந்த இரவீந்திரநாத் தாகூர், 1912 கோடையில் தம் பாடல்களின் ஆங்கில உரைநடை வடிவங்களோடு லண்டன் சென்றிருந்தார். ஓவியர் ரோதென்ஸ்டைன் வழியாக ஐரிஷ் கவிஞர் யேட்ஸும் யேட்ஸ் வழியாக பவுண்டும் அவற்றைக் கண்டனர். பவுண்ட் அவற்றுள் ஆறு பாடல்களைச் சிகாகோவுக்கு அனுப்பி வைத்தார். அவை 1912 டிசம்பர் இதழில் பவுண்டின் அறிமுகக் கட்டுரையுடன் வெளிவந்தன. நோபல் பரிசு அறிவிக்கப்படுவதற்கு ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு முன்பு அது. வேடிக்கை என்னவெனில், உலகின் மறுகோடியில் இருப்பதாக ஆசிரியர் நினைத்துக்கொண்டிருந்த கவிஞர், சிகாகோவிலிருந்து சில மணிநேர ரயில் தொலைவில் அதே இல்லினாய் மாநிலத்தின் அர்பானா என்னும் சிற்றூரில் தங்கியிருந்தார். அங்கிருந்த பல்கலைக்கழகத்தில் அவருடைய மகன் ரதீந்திரநாத் வேளாண்மை பயின்றிருந்தார். செய்தி தெரியவந்ததும் மன்ரோ தொடர்பு கொண்டார். 1913 ஜனவரியில் தாகூர் சிகாகோ வந்து, மறைந்த கவிஞர் வில்லியம் வான் மூடியின் மனைவி ஹாரியட் மூடியின் இல்லத்தில் தங்கினார். அமெரிக்காவில் அவருக்கு அமைந்த மிக உறுதியான நட்புகளுள் ஒன்றாக அது வளர்ந்தது.

இதழின் முதல் மூன்று ஆண்டுகளே அதன் உச்சம். 1913 ஜனவரி இதழில் எச். டி. என்னும் முன்னெழுத்துகளோடு ஹில்டா டூலிட்டிலின் கவிதைகளும், மார்ச் இதழில் 'படிமவியம்' குறித்த விளக்கங்களும் வந்தன. படிமவியம் என்பது அலங்காரச் சொற்களையும் வரையறுத்த யாப்பின் ஓசையையும் துறந்து, காணும் பொருளை நேரடியாகவும் சிக்கனமான சொற்களாலும் நிறுத்த முயன்ற இயக்கம்; அதன் கொள்கை ஏடு என்றே சொல்லத்தக்க பவுண்டின் விலக்கல்-பட்டியல் இங்கேதான் முதலில் அச்சாயிற்று. ஆனால் மன்ரோவின் மனம் சாய்ந்தது லண்டனின் பக்கமன்று, தம்மைச் சுற்றியிருந்த புல்வெளி மாநிலங்களின் பக்கம். இல்லினாயின் ஸ்பிரிங்ஃபீல்டைச் சேர்ந்த வாச்சல் லிண்ட்சே, தாம் அச்சிட்ட பாடல் ஏட்டை உணவுக்கு மாற்றாகக் கொடுத்துக்கொண்டு ஊர் ஊராக நடந்து திரிந்தவர். மீட்புப் படையின் தலைவர் பூத் விண்ணுலகு புகுவதைப் பற்றிய அவருடைய கவிதையை 1913 ஜனவரி இதழின் முகப்பில் இட்டவர் மன்ரோவே; பவுண்டுக்கு இதில் பங்கில்லை.

சுவீடனிலிருந்து குடியேறியோரின் மகனும் செய்தித்தாள் ஊழியருமான கார்ல் சாண்ட்பர்கின் 'சிகாகோ கவிதைகள்' 1914 மார்ச்சில் வந்தபோது, அதே நகரிலிருந்து வெளிவந்துகொண்டிருந்த பழைய விமர்சன ஏடான 'தி டயல்' கடுமையாகத் தாக்கியது. பன்றி இறைச்சிக் கூடங்களையும் தொழிலாளரின் வியர்வையையும் கட்டற்ற யாப்பில் பாடியதைக் கவிதை என்று ஏற்க அது மறுத்தது. இறைச்சித் தொழிலாலும் இரயில் தொழிலாலும் செல்வம் ஈட்டிய நகரத்துப் பெரியோரின் பணத்தில், அந்நகரின் முரட்டுத்தனத்தை முகத்தில் அறைந்தாற்போலச் சொல்லும் கவிதை அச்சேறியது என்பதையும், அதற்காக உறுதியாளர் நிதி கலைந்துவிடவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். வழக்கறிஞர் சால்மன் லெவின்சன் தம் மறைந்த மனைவியின் நினைவாக ஏற்படுத்திய 200 டாலர் ஆண்டுப் பரிசு, முதன்முதலில் அந்தக் கவிதைகளுக்கே சென்றது.

பரிசுகளையும் ஊதியத்தையும் மன்ரோ தனித்தனியே கருதினார். அச்சேறிய ஒவ்வொரு பக்கத்துக்கும் தொடக்க ஆண்டுகளில் சுமார் பத்து டாலர் என்ற அளவில் கொடுக்கப்பட்டது கூலி. புகழ் பெற்றவர், அறிமுகமற்றவர் என்ற வேறுபாடு அதில் இல்லை. பரிசோ சிறப்புக்குத் தரப்படும் மரியாதை. முதல் ஆண்டின் உறுதியாளர் பரிசான 250 டாலர் யேட்ஸுக்கும், 100 டாலர் லிண்ட்சேவுக்கும் வழங்கப்பட்டன. யேட்ஸ் அந்தத் தொகையில் பத்து பவுனை மட்டும் தம் நூல்களில் ஒட்டும் உரிமைச் சீட்டு வரையச் செய்வதற்கு வைத்துக்கொண்டு, நாற்பது பவுனைப் பவுண்ட் போன்ற இளையவர் ஒருவருக்குக் கொடுக்குமாறு திருப்பி அனுப்பினார். அவ்வாறு கிடைத்த பணத்தில் பவுண்ட் வாங்கியவை ஒரு தட்டச்சுப்பொறியும் இளம் சிற்பி கோடியே-பிரெஷ்காவின் படைப்புகளும் என்பது, சிகாகோ வணிகரின் பணம் எந்தெந்தத் திசையில் சென்றது என்பதைக் காட்டுகிறது.

யேட்ஸ் சிகாகோ வந்திருந்தபோது, 1914 மார்ச் 1 அன்று, எழுத்தாளரும் கலைஞரும் கூடும் 'கிளிஃப் டுவெல்லர்ஸ்' கழகத்தில் இதழின் சார்பில் விருந்து நடந்தது. யேட்ஸ் தம் உரையைச் சக கைவினைஞரிடம் பேசுவதாகக் கூறி லிண்ட்சேவை நோக்கியே நிகழ்த்தினார். பின்னர் லிண்ட்சே எழுந்து தம் 'காங்கோ' கவிதையை முழங்கினார். உறுதியாளர் பலர் தாம் கொடுத்த ஐம்பது டாலர் என்ன ஆயிற்று என்பதை முதன்முதலாகக் காதால் கேட்ட இரவு அதுவாக இருந்திருக்கக் கூடும்.

குறைகளைச் சொல்லாமல் விடுவது மன்ரோவுக்குச் செய்யும் நன்மையாகாது. டி. எஸ். எலியட்டின் புரூஃப்ராக் கவிதையைப் பவுண்ட் 1914 அக்டோபரில் அனுப்பினார். அதன் முடிவு தளர்ந்துவிடுகிறது என்று மன்ரோ தயங்கினார். திருத்தம் கேட்க முடியாது என்று பவுண்ட் மறுத்து மாதக்கணக்கில் நச்சரித்தபின், 1915 ஜூனில்தான் அது அச்சேறியது, அதுவும் இதழின் பின்பகுதியில். அவ்வாண்டின் லெவின்சன் பரிசு லிண்ட்சேவுக்கே போயிற்று. வாலஸ் ஸ்டீவன்ஸின் 'ஞாயிறு காலை' எட்டுப் பகுதிகள் கொண்டது. மன்ரோ சிலவற்றை விடுமாறு கேட்க, ஐந்து பகுதிகள் மட்டுமே, அதுவும் மாற்றிய வரிசையில், 1915 நவம்பரில் வெளிவந்தன. முழுக் கவிதையை வாசகர் காண 1923இல் ஸ்டீவன்ஸின் முதல் நூல் வரவேண்டியிருந்தது. எலியட்டைத் தாமதப்படுத்தியதைவிட இதுவே பெரிய பிழை. தாமதம் கவிதையைச் சிதைப்பதில்லை. ஆனால் ஹார்ட் கிரேன் மெல்வில் நினைவாக எழுதிய கவிதையை 1926இல் அனுப்பியபோது நடந்தது வேறு. உருவகங்கள் தமக்கு விளங்கவில்லை என்று மன்ரோ வெளிப்படையாக எழுதிக் கேட்டார். கிரேன் விரிவாகப் பதிலளித்தார். கவிதையையும் அதனுடன் இருவரின் கடிதங்களையும் மன்ரோ அச்சிட்டுவிட்டார். கிரேனின் கவிதைக் கோட்பாட்டை அறிய விரும்புவோர் இன்றும் முதலில் எடுப்பது அந்த விடையைத்தான். தமக்குப் புரியவில்லை என்பதைத் தம் இதழிலேயே பதிவு செய்யும் ஆசிரியர்கள் அருமையானவர்கள்.

பவுண்டோடு ஏற்பட்ட பிணக்கின் வேர் தனிமனிதக் கோபத்தில் இல்லை. பெருங்கவிஞர் தோன்ற வேண்டுமாயின் அவர்களைக் கேட்கப் பெரும் அவையும் வேண்டும் என்னும் கருத்துடைய வால்ட் விட்மனின் ஒரு வரியை மன்ரோ இதழின் குறிக்கோளுரையாக அட்டையில் பொறித்திருந்தார். கலைஞன் எந்த அவையையும் சார்ந்திருப்பதில்லை என்று பவுண்ட் எதிர்த்தார். இருவரின் வாதங்களும் 1914 அக்டோபர் இதழில் அடுத்தடுத்து வெளிவந்தன. உறுதியாளரிடம் ஆண்டுதோறும் கணக்குக் காட்ட வேண்டியிருந்தவருக்கு அவை என்பது கண்ணெதிரே அமர்ந்திருந்த மனிதர்கள். லண்டனில் இருந்தவருக்கு அது ஓர் அருவக் கருத்து. மார்கரெட் ஆண்டர்சனின் 'தி லிட்டில் ரிவ்யூ' ஏட்டுக்கு 1917இல் பவுண்ட் தம் உழைப்பை மாற்றிக்கொண்டார். உரோமக் கவிஞர் புரொபெர்ஷியசைத் தழுவி அவர் எழுதியதன் ஒரு பகுதி 1919இல் வெளிவந்தபோது, இலத்தீன் பேராசிரியர் ஒருவர் அதைப் பிழை மலிந்த மொழிபெயர்ப்பென்று கண்டித்து எழுதிய கடிதத்தையும் மன்ரோ வெளியிட, உறவு முறிந்தது.

அக்காலத்தில் சிறு எண்ணிக்கையில் அச்சாகி, விளம்பர வருவாயை நம்பாமல், புதிய எழுத்துக்கென்றே நடத்தப்பட்ட ஏடுகளைச் சிற்றிதழ்கள் என்பர். அவற்றுள் பலவும் ஒருவரின் ஆர்வத்திலோ ஒருவரின் செல்வத்திலோ நின்றவை. நியூயார்க்கின் 'அதர்ஸ்' 1919இல் நின்றது. ஹாரியட் ஷா வீவர் தம் செல்வத்தால் தாங்கிய லண்டனின் 'தி ஈகோயிஸ்ட்' அதே ஆண்டில் மறைந்தது. ஸ்கோஃபீல்ட் தேயரின் குடும்பச் செல்வத்தால் 1920இல் புத்துயிர் பெற்று, ஆண்டுக்கு 2,000 டாலர் விருது வழங்கிய 'தி டயல்' 1929இல் முடிவுற்றது. 'தி லிட்டில் ரிவ்யூ'வும் அவ்வாண்டிலேயே நின்றது. 'பொயட்ரி'யைக் காட்டிலும் துணிவான தேர்வுகளைச் செய்த ஏடுகள் இவற்றில் உண்டு. அவற்றைவிட நீண்ட ஆயுளை 'பொயட்ரி' பெற்றதற்கு ஐம்பது ஐம்பது டாலராகச் சேர்ந்த நிதியும் அதைக் கையாண்டவரின் சிக்கனமுமே காரணம். முதல் இரண்டு ஆண்டுகள் மன்ரோ இதழிலிருந்து ஊதியம் பெறாமல், நாளேட்டுச் சம்பளத்தில் வாழ்ந்தார். காஸ் தெருவிலிருந்த சிறிய அலுவலகத்தில் அவருக்குத் துணையாயிருந்த ஆலிஸ் கார்பின் ஹெண்டர்சன், அனுப்பப்பட்ட கவிதைகளை முதலில் படித்துச் சலித்தவர். பல சிறந்த தேர்வுகளுக்கு அவருடைய கூர்மையே காரணம் என்று கருத இடமுண்டு. காசநோய் காரணமாக 1916இல் அவர் நியூ மெக்சிகோவின் சான்டா ஃபே நகருக்குக் குடிபெயர நேர்ந்தது இதழுக்குப் பேரிழப்பு. இருவரும் சேர்ந்து தொகுத்த 'புதிய கவிதை' என்னும் பெருந்தொகுப்பு 1917இல் வெளிவந்து, இதழைக் காணாத கல்லூரி வகுப்பறைகளுக்கும் அதன் கவிஞர்களைக் கொண்டு சேர்த்தது.

ஐந்தாண்டு உறுதி முடிந்தபின் பெரும்பாலோர் அதைப் புதுப்பித்தனர். 1929இன் பொருளாதாரச் சரிவுதான் உண்மையான சோதனையாக வந்தது. இன்சலின் மின்சாரப் பேரரசே 1932இல் சரிந்து, அவர் நாட்டைவிட்டு ஓடினார். சிறிய தொகைகளையும் தர முடியாதவராய்ப் பலர் விலகினர். இதழ் நின்றுவிடும் என்ற நிலையில் கார்னகி அறக்கட்டளையின் நன்கொடை கைகொடுத்தது. அதற்குச் சற்று முன்பு, 1931 பிப்ரவரியில், லூயி சுகோஃப்ஸ்கி என்னும் இருபத்தேழு வயது இளைஞரிடம் ஒரு முழு இதழையே மன்ரோ ஒப்படைத்திருந்தார். எழுபதைக் கடந்த அவருக்கு அதில் வந்த 'புறநிலைவாத'க் கவிதைகள் பிடிக்கவில்லை. தம் கருத்து வேற்றுமையை அடுத்த இதழில் எழுதினாரே தவிர, இதழைத் தடுக்கவில்லை. திறந்த கதவு என்ற கொள்கை தமக்குப் பிடித்தவருக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

மலையேற்றத்தில் தீராத விருப்பங்கொண்ட மன்ரோ, 1936 செப்டம்பரில் புவனஸ் அயர்ஸில் நடந்த பன்னாட்டு எழுத்தாளர் மாநாட்டுக்குப் போனவர், இன்கா மக்களின் மாச்சு பிச்சுவைக் காணும் நோக்கில் பெரு நாட்டுக்குச் சென்றார். வழியில் அரெக்கிப்பா நகரில் மூளை இரத்தப்பெருக்கால் செப்டம்பர் 26 அன்று காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். தம் நூலகத்தையும் இதழின் கடிதக் கோப்புகளையும் அவர் சிகாகோ பல்கலைக்கழகத்துக்கு விட்டுச் சென்றார். முற்றுப்பெறாதிருந்த தன்வரலாறு மார்டன் சேபலின் உழைப்பால் 1938இல் வெளிவந்தது. இதழ் சேபலின் பொறுப்பிலும் பின்னர் வேறு ஆசிரியர்களின் பொறுப்பிலும் தொடர்ந்தது.

மருந்து நிறுவனக் குடும்பத்தின் வாரிசான ரூத் லில்லி, 'பொயட்ரி'க்குப் பல ஆண்டுகளுக்கு முன் கவிதைகள் அனுப்பி மறுப்பைப் பெற்றவர். அவர் 2002இல் சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள சொத்தை இதழுக்கு அளிப்பதாக அறிவிக்கப்பட்டது; அதைக்கொண்டு கவிதை அறக்கட்டளை நிறுவப்பட்டது. தம் கவிதையை ஏற்காத ஏட்டுக்கு ஒருவர் அத்தனை கொடுத்தார் எனில், தேர்வில் பணத்துக்குக் குரலில்லை என்ற மன்ரோவின் விதி அதுவரை காக்கப்பட்டிருந்தது என்றே பொருள். ஆனால் அவருடைய மற்றொரு விதி அன்றோடு தேவையற்றுப் போயிற்று: நூறு கதவுகளைத் தட்டி ஐம்பது ஐம்பது டாலராகச் சேர்த்த இதழ், ஒரே ஒரு புரவலரின் கொடையால் உலகின் மிகச் செல்வம் மிக்க கவிதை நிறுவனமாயிற்று.